ஒன்றேகால் மணிக்குள் குளிர வேண்டிய வண்டி

காலை எட்டு நாற்பத்திரண்டு. டாஷ்போர்டில் இருக்கும் கடிகாரத்தை அப்போது பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால் சந்தேகமில்லாமல் சொல்ல முடிகிறது. சந்தோஷபுரத்தில் ஒரு தண்ணீர் லாரிக்குப் பின்னால் நின்றிருந்தோம். மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு, கணக்குப் பரீட்சை, பத்து மணிக்கு. கிழக்குத் தாம்பரத்தில் இருக்கும் தேர்வு மையத்துக்குப் போய்ச் சேர நேரம் போதுமா என்று மனதுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். போதும் என்று முடிவு செய்த நொடியில், ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த என் கைமேல் பட்டுக்கொண்டிருந்த காற்று மாறியது.

காற்று நிற்கவில்லை. அதே வேகத்தில், அதே சத்தத்தோடு வந்தது. குளிர்ச்சி மட்டும் அதிலிருந்து கழன்றுவிட்டது. முதலில் லாரியிலிருந்து வரும் சூடு என்று நினைத்தேன். லாரி நகர்ந்து, நாங்களும் நகர்ந்து, கௌரிவாக்கம் வரை வந்தோம். காற்று வெதுவெதுப்பாகி, பிறகு வெளியே இருந்த காற்றைவிடச் சூடாகவே வந்தது. ஏசி குமிழைக் கடைசிவரை திருப்பினேன். ஒன்றும் ஆகவில்லை.

மற்றவர்களுக்கு இது ஒரு சின்ன எரிச்சல். ஜன்னலை இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். என் மகளுக்கு வேர்க்காது. சுருக்கமாகச் சொல்வதென்றால் அவ்வளவுதான். மருத்துவர் நீளமான ஒரு பெயர் எழுதிக் கொடுத்தார். தோலில் வேர்வைச் சுரப்பிகள் பிறவியிலேயே ஏறக்குறைய இல்லை. வெளியே சூடு ஏறினால் உடம்பும் அதோடு ஏறும். இறக்குவதற்கு உடம்புக்குள் வழி கிடையாது. வெளியிலிருந்து நாம்தான் இறக்க வேண்டும், தண்ணீரால், காற்றால், குளிர்ந்த அறையால். அவளுக்கு ஆறு வயதாக இருக்கும்போது, அதுவும் இதேபோல் ஒரு மார்ச் மாதம்தான், கோவளத்தில் படகுகள் பார்த்துவிட்டு மதியம் பஸ்ஸில் திரும்பினோம். கேளம்பாக்கம் வருவதற்குள் கண்கள் மேலே செருகி, கை கால் வெட்டி இழுத்தது. ஜுரமானி நூற்றி நாலு காட்டியது. அதற்குப் பிறகுதான் கடன் வாங்கியாவது ஏசி வைத்த வண்டி ஒன்று வாங்கினோம். கார் ஓட்டத் தெரியாத நான் முப்பத்தெட்டு வயதில் கற்றுக்கொண்டதும் அதனால்தான்.

அவள் என் பக்கத்து இருக்கையில் சூத்திரங்கள் எழுதிய தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சீருடைக்குள் ஈரமாக்கிய பனியன். கையில் தண்ணீர் தெளிக்கும் பாட்டில், முடிவெட்டும் கடையில் வைத்திருப்பார்களே அது. தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் முகத்தில் இரண்டு முறை அடித்துக்கொண்டாள். ஒன்றும் கேட்கவில்லை. கணக்குப் பரீட்சைக்குப் போகிற பிள்ளையிடம் என்ன சொல்வது?

ஒன்பது பத்துக்குப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டேன். காலை நேரம், வெயில் இன்னும் முற்றவில்லை, கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன், பரவாயில்லை. உள்ளே ஏற்பாடு உண்டு. மருத்துவச் சான்றிதழ் கொடுத்து, மின்விசிறிக்கு நேர் கீழே இடம், பாட்டிலுக்கும் ஈரத்துண்டுக்கும் அனுமதி. உள்ளே அவளுக்கு ஆபத்தில்லை. ஆபத்து ஒன்றேகாலுக்குத்தான். பரீட்சை முடிந்ததும் விடைத்தாள் கட்டும் வேலை நடக்கும், வளாகத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது என்று பத்து நிமிடத்தில் எல்லாரையும் வெளியே அனுப்பி கேட்டைச் சாத்திவிடுவார்கள். வெளியே ஒரு மரம் கிடையாது. முந்தைய பரீட்சைகளுக்கெல்லாம் ஒன்று ஐந்துக்கே கேட்டுக்கு எதிரில் வண்டியை ஓடவிட்டு, உள்ளே குளிரக் குளிர வைத்துக் காத்திருப்பேன். அவள் இருபது அடி நடந்து வந்து ஏறிக்கொள்வாள். பரீட்சை மையத்துக்குக் கைப்பேசி கொண்டுபோக முடியாது. ஆகவே நான் வர நேரமானால் அவளுக்குச் சொல்ல வழியில்லை.

என்னிடம் நாலு மணி நேரம் இருந்தது.

கணவர் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். உள்ளே போகும்போது கைப்பேசியை லாக்கரில் வைத்துவிட வேண்டும். இரண்டரை மணிக்கு முன் எடுக்க மாட்டார். இரண்டு முறை அடித்துப் பார்த்துவிட்டு, கேம்ப் ரோடு வழியாகத் திரும்பினேன். அங்கே ஒரு சந்துக்குள் கார் ஏசி என்று கையால் எழுதிய பலகை ஒன்றைப் போகிற வருகிறபோது பார்த்திருக்கிறேன். தகரக் கூரை போட்ட கடை. பக்கத்திலேயே டிங்கரிங் பட்டறை. அங்கே ஒருவர் ஒரு ஆட்டோவின் நசுங்கிய பக்கத்தைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்.

ஏசி கடைக்காரருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அப்போதுதான் கடையைத் திறந்து ஊதுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார். நான் வண்டியை நிறுத்தாமலே ஜன்னல் வழியாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன் போலிருக்கிறது.

"இருங்கக்கா, மொதல்ல எறங்குங்க. இன்னா ஆச்சு?"

"ஏசி நின்னு போச்சு. மூணு வாரம் முன்னாடிதான் மேடவாக்கத்துல ஒரு கடையில கேஸ் போட்டோம்."

அவர் பானெட்டைத் திறந்து, அழுத்தம் காட்டும், இரண்டு கடிகாரம் வைத்த கேஜை மாட்டினார். முள் எழவே இல்லை.

"கேஸே இல்லக்கா."

"மூணு வாரத்துலயா?"

"போட்ட கேஸு எங்கியோ போயிருக்குது இல்ல. ஏன் கொறஞ்சுதுன்னு அவங்க பாத்தாங்களா?"

பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை. குறைந்திருக்கிறது, நிரப்புகிறோம் என்றார்கள், நிரப்பினார்கள், குளிர்ந்தது, வந்துவிட்டேன். இளங்கலையில் வேதியியல் படித்தவள் நான். மூடிய குழாய்க்குள் இருக்கும் வாயு தானாகக் குறையாது என்று எனக்குத் தெரியாதா?

"இன்னிக்கு மட்டும் போட்டுக் குடுங்க தம்பி. சாயந்திரம் கொண்டாந்து விடறேன், மெதுவா பாருங்க."

"அன்னிக்கு மூணு வாரம் தாங்குச்சு. இன்னிக்கு ஓட்ட பெருசாயிருக்குது, அதான் ஒரேடியா எறங்கிடுச்சு. இப்ப போட்டுத் தரேன், காசும் வாங்கிக்கிறேன். கேம்ப் ரோடு சிக்னலாண்ட போறதுக்குள்ள போய்டும். அப்பால?"

அப்போதுதான் என் மகளைப் பற்றிச் சொன்னேன். யாரிடம் சொன்னாலும் ஒரு நிமிடம் நம்பாமல் பார்ப்பார்கள். வேர்க்காமல் எப்படி என்பார்கள். இவர் அப்படி எதுவும் கேட்கவில்லை. கையைத் துணியில் துடைத்தபடி, "எத்தினி மணிக்கு வெளிய வரும் பொண்ணு?" என்றார்.

"ஒன்னேகால்."

சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது முப்பத்தைந்து. ஊதுவத்தியை வைத்துவிட்டு ஒரு உயரமான சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தார்.

அதில் நைட்ரஜன். ஏசி குழாய்களுக்குள் அதை அழுத்தமாக அடைத்து, முள் இறங்குகிறதா என்று பார்ப்பது முதல் வேலை. இறங்கியது. கண்ணுக்குத் தெரிந்தே இறங்கியது. அடுத்தது எங்கே என்று தேடுவது. இரண்டு ஷாம்பூ பாக்கெட்டைக் கிழித்து ஒரு டப்பாவில் தண்ணீரோடு கலக்கினார். சோப்பு நுரை சீக்கிரம் அடங்கிவிடுமாம், ஷாம்பூ நுரை நிற்குமாம். பெயின்ட் பிரஷ்ஷால் ஒவ்வொரு இணைப்பிலும் நுரையைத் தடவி, காற்றுக் குமிழ் முட்டை வருகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். கம்ப்ரசரில் இல்லை. குழாய் சேரும் இடங்களில் இல்லை. கீழே படுத்துப் பார்த்தார். அங்கும் இல்லை. ஒவ்வொரு இடத்திலும் இல்லை என்று தலையசைக்கும்போது முதலில் எனக்கு நிம்மதியாக இருந்தது. நாலாவது முறைக்குப் பிறகுதான் அந்த இல்லை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று புரிந்தது.

"கூலிங் காயிலா இருக்குமோன்னு பயமா கீதுக்கா" என்றார்.

"அது எங்க இருக்கு?"

டாஷ்போர்டைக் காட்டினார். "இதுக்குள்ள. டேஷ்போர்டு மொத்தமும் அவுக்கணும். ஸ்டியரிங் எறக்கணும். சாயந்திரம் ஆறு மணி ஆய்டும்."

பத்து இருபது. வாடகைக் கார் செயலியைத் திறந்தேன். ஒன்றேகாலுக்கு வண்டி வேண்டுமென்று இப்போதே சொல்லி வைக்கலாம் என்று பார்த்தால், முதலில் ஒத்துக்கொண்ட ஓட்டுநர் அடுத்த நிமிடமே கூப்பிட்டார். ஏசி போடுவீர்களா என்றேன். "இந்த ரேட்டுக்கு ஏசியா மேடம்?" என்று ரத்து செய்துவிட்டார். இரண்டாவது ஆள் ஏசி போடுகிறேன் என்றார். தாம்பரம் என்றதும் ரத்து செய்தார். இதற்கிடையே பட்டறைக்காரர் சுத்தியலால் விடாமல் தட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தட்டும் என் தலைக்குள் விழுந்தது.

ஏசிக்காரர் நிமிர்ந்து நின்று அந்தப் பக்கம் பார்த்துக் கத்தினார். "மச்சான்! ரெண்டு நிமிஷம் தட்டாத!"

"ஏன், வண்டி தூங்குதா?"

"கேக்கணும்டா. சத்தம் வருதா பாக்கணும்."

சுத்தியல் நின்றது. இவர் மூன்றடி நீள ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை வண்டிக்குள் நுழைத்தார். டாஷ்போர்டின் காற்றுவழி, பிறகு கம்ப்ரசர், பிறகு குழாய்கள் என்று ஒவ்வொன்றாக மருத்துவர் மார்பில் வைத்துக் கேட்பதைப்போல் கேட்டுக்கொண்டு வந்தார். அந்த நேரம் பார்த்து விமானப்படைத் தளத்திலிருந்து ஒரு பயிற்சி விமானம் தலைக்கு மேல் உறுமிக்கொண்டு போனது. அது போகும்வரை குழாயைக் காதிலிருந்து எடுத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டறைக்காரர் சுத்தியலைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்து, "இன்னா மச்சான், வண்டிக்கு நாடி பாக்குறியா? ஆண் கொழந்தையா பொண்ணா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை என்றதும் அவரும் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சுத்தியலைத் தரையில் வைத்தார்.

விமானம் போன பிறகு, ரேடியேட்டருக்கு முன்னால் குழாயை இறக்கியதும் ஏசிக்காரரின் கை நின்றது. "இங்க கீது."

கண்டென்சர் என்று ஒன்று உண்டு. வண்டியின் மூக்குக்குள், கிரில்லுக்குப் பின்னால், ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் மெல்லிய அலுமினியத் தடுப்பு. முன்பக்க பம்பரைக் கழற்றிவிட்டுப் பார்த்தால்தான் முழுதாகத் தெரியும். கழற்றினார். பட்டறைக்காரரும் கூடப் பிடித்தார். நுரை தடவியதும் நடுவில் ஒரு இடத்தில் முட்டை முட்டையாகக் கிளம்பியது. அதைச் சுற்றி எண்ணெயும் தூசியும் சேர்ந்து கறுப்பாக ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கறை. அந்தக் கறைக்கு நேர் எதிரில், கழற்றி வைத்த கிரில்லிலிருந்து ஒரு கட்டுக்கம்பியின் முறுக்கிய முனை உள்பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தது. வெளிப்பக்கம் அந்தக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது சங்கு கோத்த கறுப்புத் திருஷ்டிக் கயிறு.

"மேடு பள்ளத்துல ஆடி ஆடி அறுத்துடுச்சு" என்றார். மேடவாக்கத்தில் மெட்ரோ வேலைக்காகத் தோண்டிய சாலை முழுக்க எனக்கு நினைவுக்கு வந்தது. "இத யாருக்கா கட்டுனது?"

"தெரியலை. வண்டி கழுவுறவரு கட்டியிருப்பாரு."

வாயிலிருந்து அப்படித்தான் வந்தது.

"அந்தாள விடாதீங்க" என்று சொல்லிவிட்டு அவர் ஸ்பானரை எடுத்தார்.

கட்டியது நான். எங்கள் குடியிருப்பில் கீழ்த்தளத்தில் இருக்கும் ஒரு அம்மாள், சங்கராந்தி முடிந்த ஒரு நாள், லிஃப்ட்டுக்குக் காத்திருக்கும்போது என் மகளைப் பார்த்து, "உன் பொண்ணுக்கு ஒரு சொட்டு வேர்வை கிடையாது, எந்நேரமும் பவுடர் போட்ட மாதிரியே இருக்கா, குடுத்து வெச்சவ" என்றார். கெட்ட எண்ணமே கிடையாது. எது அவளைக் கொல்லக்கூடுமோ அதைப் பார்த்துத்தான் அந்த அம்மாள் ஆசைப்பட்டார். அவருக்கு விளக்கிச் சொல்லியிருக்கலாம். சிரித்துவிட்டு வந்தேன். ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. திருஷ்டியில் நம்பிக்கை உண்டா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். மறுநாள் கயிறு வாங்கி வந்தேன். வீட்டு வாசலில் கட்டினால் அவள் கேலி செய்வாள். வண்டியில் கட்டினால் எல்லா வண்டியிலும் இருப்பதுதானே என்று விட்டுவிடுவாள். இரண்டு தடவை கயிறு அவிழ்ந்து விழுந்தது. விழுவதே அபசகுனமாகப் பட்டது. பால்கனியில் பச்சை வலை கட்டியபோது மிச்சமிருந்த கம்பியை எடுத்து, கிரில்லின் இடுக்கில் நுழைத்து, இடுக்கியால் முறுக்கினேன். கை வலிக்கும்வரை முறுக்கினேன்.

கண்டென்சர் புதிதாக வாங்க வேண்டுமென்றால் நகரத்துக்குள் போக வேண்டும். அதற்கு நேரமில்லை. அலுமினியம் வெல்டிங் வைக்கிற ஆள் சேலையூர்ப் பக்கம் ஒருவர் இருக்கிறார், ஒட்ட வைத்துக்கொண்டு வருகிறேன், ஒரு மாதம் தாங்கும், பிறகு புதுசு போட்டுக்கொள்ளுங்கள் என்றார் ஏசிக்காரர். அந்தத் தடுப்பைக் கோணியில் சுற்றி பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு பதினொன்று ஐந்துக்குக் கிளம்பினார். மூக்கில்லாத வண்டியோடு நான் உட்கார்ந்திருந்தேன்.

பதினொன்று ஐம்பதுக்குக் கடையின் மின்விசிறி நின்றது.

முதலில் யாரோ சுவிட்சை அணைத்தார்கள் என்று நினைத்தேன். பட்டறையில் ஓடிக்கொண்டிருந்த கிரைண்டரும் நின்றிருந்தது. எழுந்து தெருமுனை டீக்கடைக்கு ஓடினேன்.

"கரண்டு இங்க மட்டும்தானா, கிழக்குத் தாம்பரம் முழுக்கவா?"

"யாருக்கும்மா தெரியும்? போச்சு, வரும்."

தேர்வு நேரத்தில் பள்ளிகளுக்கு நிறுத்த மாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஜெனரேட்டர் இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். அந்தப் பள்ளியில் ஜெனரேட்டர் பார்த்தேனா? முன்பு அனுமதிக் கடிதம் கொடுக்கப் போனபோது தாழ்வாரம், தண்ணீர்த் தொட்டி, சத்துணவுக் கூடம், சைக்கிள் நிறுத்தும் இடம் எல்லாம் பார்த்த நினைவிருந்தது. ஜெனரேட்டர் நினைவில் இல்லை. மின்விசிறி இல்லாமல் அந்த அறையில் நாற்பது பிள்ளைகள். மற்றவர்களுக்கு வேர்க்கும். அவளுக்கு மட்டும் முகம் சிவக்கும், காது சிவக்கும், பிறகு எழுத்து கோணும். கேள்வித்தாளை விட்டு எழ மாட்டாள், எனக்குத் தெரியும். பள்ளி அலுவலக எண்ணுக்கு ஏழு முறை அடித்தேன். எடுக்கவில்லை. பரீட்சை நடக்கும்போது எடுக்க மாட்டார்கள்.

பன்னிரண்டு மூன்றுக்கு மின்சாரம் வந்தது. பன்னிரண்டு பத்துக்கு ஏசிக்காரர் வந்தார். கண்டென்சரில் கறை இருந்த இடத்தில் இப்போது ஒரு வெள்ளி முடிச்சு.

மாட்டினார். மறுபடி நைட்ரஜன், மறுபடி நுரை. முள் அசையாமல் நின்றது. அப்பாடா என்று நான் சாவிக்குக் கை நீட்டினேன்.

"இன்னும் வேக்கம் கீதுக்கா."

குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் ஒரு பம்பு வைத்து முழுக்க உறிஞ்சி எடுக்க வேண்டும். அரை மணி நேரமாவது ஓட வேண்டும். அதன் பிறகுதான் கேஸ். பம்பைப் போட்டபோது பன்னிரண்டு நாற்பது. பத்து நிமிடம் கழித்து நிறுத்திப் பார்த்தார். முள் மெல்ல நகர்ந்தது, இன்னும் எங்கோ கசிகிறது. இணைப்பில் போட்டிருந்த ரப்பர் வளையம் பழசு. கழற்றி, புது வளையம் போட்டு, மறுபடி முதலிலிருந்து. பன்னிரண்டு ஐம்பத்தைந்து.

"வேக்கம் வேணாம் தம்பி. கேஸ் போட்டுடுங்க. பத்து நிமிஷம் குளிர்ந்தாப் போதும், வீட்டுக்குப் போயிடுவேன்."

"ஈரம் உள்ள இருந்தா உறைஞ்சு அடைச்சுக்கும். செம்பாக்கத்துல டிராபிக்ல நிக்கும்போது அடைச்சா இன்னா பண்ணுவீங்க?"

"நான் பார்த்துக்கறேன். போடுங்கன்னா போடுங்க!"

கத்தினேன். என்னைவிடச் சின்னவர், காலையிலிருந்து ஒரு டீகூடக் குடிக்காமல் வேலை செய்பவர். அவர் பம்பின் மேலிருந்த கையை எடுக்கவில்லை. எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"அந்தக் கம்பியைக் கட்டினது நான்தான்" என்றேன்.

"தெரியும்க்கா."

"எப்படி?"

"வாட்டர் வாஷ் பண்றவன் இவ்ளோ இறுக்கி முறுக்க மாட்டான்." முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "பயந்துகினு கட்டுன மாரி இருந்துச்சு. இப்பவும் பயந்துகினுதான் சொல்றீங்க. நீங்க ஆட்டோல போய் கேட்டாண்ட நில்லுங்க. பொண்ணு மேல தண்ணி ஊத்துங்க. வண்டிய நான் எட்த்துகினு வரேன். சாவி குடுங்க."

பார்த்து மூன்றரை மணி நேரமான ஒருவரிடம் சாவியைக் கொடுத்தேன். பட்டறைக்காரர் தட்டிக்கொண்டிருந்த அதே ஆட்டோவின் சொந்தக்காரர் அப்போதுதான் வந்திருந்தார். ஒரு பக்கம் வண்ணம் பூசாத தகரமாக இருந்த அந்த ஆட்டோவிலேயே ஏறினேன். வழியில் ஜூஸ் கடையில் ஒரு பை ஐஸ் வாங்கி, என் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டேன். மணி ஒன்று இருபதுக்குப் பள்ளி வாசல்.

பிள்ளைகள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். எல்லாரும் ஒரே சீருடை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒரு பெண் அழுதுகொண்டு போனாள், இன்னொருத்தி ஐந்து மதிப்பெண் கேள்வியைச் சொல்லிச் சிரித்துக்கொண்டு போனாள். வெயில் தாரில் பட்டு என் முகத்துக்கு ஏறியது. ஐஸ் என் கையில் உருகி முழங்கை வழியாக ஒழுகியது. கூட்டம் மெலிந்து, பத்துப் பேர், ஐந்து பேர், யாருமில்லை. காவலாளி கேட்டைச் சாத்தினார்.

"என் பொண்ணு வரலைங்க."

"எல்லாரும் போய்ட்டாங்க மேடம். உள்ள பேப்பர் கட்டினுகிறாங்க, யாரும் கெடையாது."

"அவளுக்கு வெயில் ஆகாது. உள்ளே எங்கயாவது விழுந்திருப்பா. ஒரு தடவை பாருங்க."

"பாத்துட்டுத்தான் சாத்துறோம்."

என்னைத் தேடி மேடவாக்கம் போகும் பஸ் நிற்கும் நிறுத்தம் வரை நடந்திருப்பாளோ என்று தோன்றியது. அந்தத் தெருவின் இரண்டு பக்கமும் ஓடிப் பார்த்தேன். ஒரு கடை நிழலில் நின்றிருந்த மாணவிகளிடம் கேட்டேன். பரீட்சை அறைகளில் மின்விசிறி நின்றதா என்றும் கேட்டேன். "கொஞ்ச நேரம் நின்னுச்சு ஆன்ட்டி" என்றாள் ஒருத்தி. என் மகளைத் தெரியுமா என்றால் தெரியாது என்றாள்.

ஒன்று முப்பத்தெட்டுக்கு எங்கள் வண்டி வந்து நின்றது. ஏசிக்காரர் எஞ்சினை அணைக்காமல் இறங்கினார். திறந்த கதவு வழியாக வந்த குளிர் என் காலைத் தொட்டது. நாள் முழுக்க நான் எதற்காகத் தவித்தேனோ அது அங்கே ஓடிக்கொண்டிருந்தது. இருக்கை காலியாக இருந்தது.

"பொண்ணு எங்கக்கா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் என்னைத் தாண்டிப் போய்க் காவலாளியிடம் ஏதோ சொன்னார், பிறகு கேட்டைக் கையால் அறைந்தார். காவலாளி கோபமாக என்னவோ சொன்னார். நான் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். எத்தனை முறை கூப்பிட்டேன் என்று தெரியாது. இதை எழுதும்போதும் அந்தக் கம்பியின் சூடு உள்ளங்கையில் இருப்பதுபோல் படுகிறது.

கட்டடத்தின் பின்பக்கத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். முன்னால் வந்தவர் அங்கே பெருக்கித் துடைக்கிற அக்கா, புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகியிருந்தார், கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி. பின்னால் என் மகள், தலையிலிருந்து கால்வரை தண்ணீர் சொட்டச் சொட்ட, சீருடை உடம்போடு ஒட்டிக்கொண்டு, கேள்வித்தாளை மட்டும் நனையாமல் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி. கேட் திறந்ததும் அவள் நெற்றியைத் தொட்டேன். குளிர்ந்திருந்தது.

"காலைலயே காத்து சூடாத்தானேம்மா வந்துச்சு" என்றாள். "நீ லேட்டாத்தான் வருவேன்னு தெரியும். வெளிய நின்னா முடியாதுன்னு இவங்ககிட்ட சொன்னேன், தொட்டிகிட்ட உட்கார வெச்சுட்டாங்க. தண்ணிப் பம்பு ஓடினதுல நீ கூப்பிட்டது காதுலயே விழலை. அம்மா, அந்த இன்டக்ரேஷன்ல மைனஸ் போடாம விட்டுட்டேன், தெரியுமா?"

நான் அவள் ஈரத்தலையை என் மேல் சாய்த்துக்கொண்டு நின்றேன், அந்த வெயிலிலேயே. அக்கா வாளியால் என் முதுகில் இடித்தார்.

"இன்னாம்மா நீ, நாலு வாளி ஊத்தி எறக்கி வெச்சத இங்க நிக்க வெச்சு மறுபடி ஏத்துற? மொதல்ல அத்த வண்டில ஏத்து. அப்பால அழுவலாம்."